அத்தான் பார்த்த மூன்று வண்டி

ஸ்டுட்கார்ட்,
மாசி 3

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். அங்கே அப்பா, அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலமா?

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். போனில்தான் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் அத்தான் கேட்டிருப்பது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. கல்யாண சவாரிக்கு வாடகைக்கு விட ஒன்று வாங்கலாம் என்று மூன்று பழைய வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார், எது பார்வைக்கு லட்சணம் என்று கேட்கிறார். எஞ்சினையும் பேப்பரையும் அவருடைய மெக்கானிக் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே களிமண்ணில் வண்டி உருவம் செய்கிறவன் என்ற முறையில் லட்சணத்தை மட்டும் நான் சொல்கிறேன். கடிதத்தை அப்படியே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதலில் அளவு. அப்பா விக்கிரகத்துக்குத் தென்னை ஓலையை மடித்து அளவு எடுப்பாரே, உத்தம தசதாலம் என்கிற அளவுமுறையில் உடம்பு முழுவதும் 124 பங்கு என்று. வண்டிக்கு அந்த ஓலை சக்கரம்தான். டயரோடு சேர்த்த சக்கரத்தின் விட்டத்தை ஓர் அளவாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் எண்ண வேண்டும். டயரின் பக்கவாட்டில் 245/50 ஆர் 18 என்று இருந்தால், அகலம் 245 மில்லிமீட்டர். அதில் 50 சதவீதம், அதாவது 122.5, பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழுமாக இரண்டு சுவர், 245. உள்ளே 18 அங்குல ரிம், 457. கூட்டினால் 702.

அந்த அளவில் ஒரு கயிறு வெட்டிக்கொண்டு வண்டியின் பக்கவாட்டில் நில்லுங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே குறைந்தது மூன்று கயிறு நீளம் இருக்க வேண்டும். பெரிய வண்டியில் மூன்றரை வரை போகும். உயரம் இரண்டு கயிறுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இரண்டரையை நெருங்கினால் என்ன அலங்காரம் செய்தாலும் டப்பாவாகத்தான் தெரியும். ரோல்ஸ்ராய்ஸ் ஃபேன்டமைத் தூரத்தில் பார்த்தாலே மலை மாதிரி நிற்பதற்குக் காரணம், சக்கரம் வண்டியின் உயரத்தில் ஏறத்தாழ பாதி இருப்பதுதான். மேலே இருக்கிற வெள்ளிப் பொம்மை அதற்குப் பிறகுதான்.

அடுத்தது கழுத்து. முன்சக்கரத்தின் நடுவிலிருந்து முன்கதவு ஆரம்பிக்கிற இடம் வரை உள்ள இடைவெளியை நான் அப்படித்தான் சொல்வேன். உயர்ந்த வண்டியா இல்லையா என்பது அங்கேதான் தெரியும். எஞ்சினை நெடுக்கே வைத்துப் பின்சக்கரத்தைச் சுழற்றுகிற வண்டியில் முன்சக்கரம் முன்னால் தள்ளி நிற்கும், கழுத்து நீளமாக இருக்கும், மூக்கு குட்டையாக இருக்கும். எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தைச் சுழற்றுகிற வண்டியில் எஞ்சினும் கியரும் முன் அச்சின் மேலேயே உட்கார்ந்துவிடுவதால் கதவு சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். முன்கண்ணாடித் தூணின் சாய்வுக் கோட்டைக் கண்ணாலேயே கீழே நீட்டிப் பாருங்கள். சக்கரத்தின் நடுவிலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ வந்து விழுந்தால் நல்ல அமைப்பு. சக்கரத்துக்கு முன்னால் விழுந்தால் ஆயிரம் குரோம் வைத்தாலும் கழுத்து வராது. விக்கிரகத்தில் கழுத்து குறைந்துபோனால் ஆரத்தைப் போட்டு மறைக்க முடியாது என்று அப்பா சொல்வாரே, அதுதான் இங்கேயும்.

மூன்றாவது, நிற்கிற நிலை. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இருக்கிறாரே, 1011இல் வார்த்தது. காளை இப்போது இல்லை. இருந்தும் அதன் மேல் கை போட்டுச் சாய்ந்து நிற்கிறார் என்பது பார்த்தவுடனே தெரிகிறது, உடம்பின் எடை எங்கே இறங்குகிறது என்பதும் தெரிகிறது. பின்சக்கரம் ஓட்டுகிற வண்டியும் அப்படித்தான் தன் எடையைப் பின்காலில் காட்ட வேண்டும். கூரையைத் தாங்கும் பின்தூண் இறங்கி வந்து பின்சக்கரத்தின் நடுவை நோக்கி முடிய வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் கண்ணாடிகள் மேலே போகப் போக உள்ளே சாய வேண்டும், தோள் வெளியே நிற்க வேண்டும், சக்கரங்கள் தோளுக்கு நேர் கீழே ஓரத்தில் நிற்க வேண்டும். சக்கரம் உள்ளே ஒதுங்கியிருந்தால் பெரிய உடம்பைக் குச்சிக்காலில் நிறுத்தியது போல ஆகிவிடும்.

இனி அத்தான் பார்த்த வண்டிகள்.

அவுடி ஏ6 2008ஆம் வருஷத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறையில் எஞ்சினின் பெரும்பகுதி முன் அச்சுக்கு முன்னால் தொங்கும். அதனால் சக்கரத்துக்கு முன்னால் மூக்கு நீண்டு, கழுத்து குட்டையாகிவிட்டது. பெயின்ட், கதவு இடைவெளி எல்லாம் மிக நேர்த்தியான வேலை. ஆனால் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்தால் முன்னால் குனிந்த மாதிரி இருக்கும், கல்யாண ஆல்பத்துக்கு அது ஆகாது. 2011இல் வந்த அடுத்த தலைமுறையில் முன் அச்சை முன்னால் நகர்த்திவிட்டார்கள். அது கிடைத்தால் பார்க்கலாம், இது வேண்டாம்.

இரண்டாவது அந்தப் பழைய பென்ஸ் இ கிளாஸ், டபிள்யூ 124. அண்ணே, இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது. 1984இல் வந்த வடிவம், 1995இல் புனேயில் பாகங்களைப் பூட்டி உருவாக்கியது இதைத்தான். பென்ஸின் வடிவமைப்புத் தலைவராக இருந்த புரூனோ சாக்கோ தலைமையில் உருவானது. புதிய வண்டி வந்ததும் பழையது கிழடாகத் தெரியக் கூடாது, எல்லா வண்டிகளுக்கும் ஒரே குடும்பச் சாயல் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவு வரை 2,800 மில்லிமீட்டர், டயர் 195/65 ஆர் 15, விட்டம் 634. 2,800இல் ஒரு விட்டத்தைக் கழித்து, மீதியை விட்டத்தால் வகுத்தால் நடுவே 3.4 கயிறு. பின்பக்கம் காற்றுக்காக உள்ளே ஒடுங்கி வருவதையும், டிக்கி மூடியைக் கீழே குறுகலாக வெட்டிப் பின்விளக்குகளை அதன் சாய்வோடு சேர்த்திருப்பதையும் பாருங்கள். எந்தக் கோடும் வெறும் அழகுக்காகப் போட்டதில்லை. எனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் பெரியவரிடம் கருநீலத்தில் ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் படிக்கட்டைப் பெருக்க வீட்டுக்கு வீடு முறை வாரம் உண்டு, முறை வந்த வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும். அவர் தன் வாரத்தில் படிக்கட்டைப் பெருக்கிவிட்டு, அதே கையோடு வண்டியையும் உலர்ந்த துணியால் துடைப்பார், ஓட்டவே மாட்டார். யாரோடும் அதிகம் பேசாதவர், சாக்கோ பெயரைச் சொன்னால் அரை மணி நேரம் பேசுவார்.

ஆனாலும் வாடகைக்கு விடுவதற்கு இதை வாங்காதீர்கள். கதவின் அடிப்பாகத்தில் இருக்கிற பிளாஸ்டிக் பட்டைக்கு உள்ளேயும் ஜாக்கி வைக்கிற துளையிலும் துரு பிடிக்கும். நம் ஊர்ச் சேறும் மழைத்தண்ணீரும் அங்கே போய்த் தங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அரித்துவிடும். மேலும் பின்சீட்டில் பட்டுப்புடவையோடு பெண் ஏறி இறங்கக் கதவு போதாது. அது வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய வண்டி.

மூன்றாவது, 2011ஆம் வருஷத்து பி.எம்.டபிள்யூ ஏழாம் வரிசை, நீளமான வகை. சக்கரத்துக்குச் சக்கரம் 3,210, மொத்த நீளம் 5,212. மேலே 702 என்று கணக்குப் போட்டது இதன் டயரைத்தான். நடுவே ஏறத்தாழ மூன்றரைக் கயிறு வருகிறது, உயரம் ஏறத்தாழ 1,480, இரண்டு கயிறுக்குச் சற்று மேல். சாதாரண வகையைவிட 140 மில்லிமீட்டர் கூடுதல், அது முழுக்கப் பின்கதவில்தான் போயிருக்கிறது. பெண் இறங்குவதற்கும் போட்டோக்காரருக்கும் அதுதான் தேவை. பின்கண்ணாடி முடிகிற இடத்தில் முன்னோக்கி ஒரு மடிப்பு இருக்கும், 1961இலிருந்து அந்தக் கம்பெனி வண்டிகளுக்கு வழக்கமான அடையாளம். அங்கே மழைத்தடுப்புப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் பிய்த்துவிடச் சொல்லுங்கள், மடிப்பே மறைந்துபோகும். என் தேர்வு இதுதான், ஆனால் உடம்பு ஒழுங்காக இருந்தால் மட்டும்.

அதைப் பார்க்கிற விதம். பட்டப்பகலில் பார்க்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்த வண்டியையும் பார்க்காதீர்கள். இருட்டுகிற நேரத்தில் ஒரு டியூப்லைட்டை நெடுக்கே பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் மெதுவாக நடங்கள். விளக்கின் பிம்பம் முன்சக்கரத்து மேலிருந்து பின்விளக்கு வரை அறுபடாமல் ஓட வேண்டும். கதவில் ஏறியதும் நெளிந்தால் அங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள். காந்தம் வைத்துப் பார்க்கலாம் என்று மெக்கானிக் சொல்வார். பென்ஸுக்கு அது சரி. இந்த பி.எம்.டபிள்யூவில் கூரை, பானெட், கதவுகள் எல்லாம் அலுமினியம், காந்தம் எப்படியும் ஒட்டாது, பயந்துவிட வேண்டாம். பெயின்ட் கனம் அளக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. கம்பெனி பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான், ஓரிடத்தில் 300ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. கதவு இடைவெளிக்கு ஏடிஎம் கார்டே போதும், ஒரு கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர். இடது கதவில் ஐந்து கார்டு நுழைந்து வலது கதவில் ஏழு நுழைந்தால் வண்டி எங்கேயோ இடித்திருக்கிறது.

படம் எடுத்து அனுப்பும்போது பக்கத்தில் நின்று எடுக்கச் சொல்லாதீர்கள், மூக்கு வீங்கித் தெரியும். நன்றாகத் தள்ளி நின்று, கதவுக் கைப்பிடி உயரத்தில் போனைப் பிடித்து, ஜூம் செய்து, சக்கரங்களை நேராக வைத்து எடுக்கட்டும்.

20 அங்குலக் குரோம் ரிம் போடலாமா என்று அத்தான் கேட்டதற்கு, வேண்டாம். 245/40 ஆர் 20 போட்டால் மொத்த விட்டம் 704, மாற்றமே இல்லை. ஆனால் பக்கச்சுவர் 122இலிருந்து 98ஆகக் குறைந்துவிடும். நம் பக்கத்து ரோட்டுப் பள்ளத்தில் ஒரு முறை விழுந்தால் ரிம் கோணிவிடும். நிறம் வெள்ளை என்றால் உடம்பின் வளைவுகள் தெரியாமல் தட்டையாகும், வண்டி பெரிதாகத் தெரியும். வெள்ளியில்தான் வளைவு பேசும், இங்கே களிமண் உருவத்தின் வளைவுகளைச் சரிபார்ப்பதும் அதன்மேல் வெள்ளி நிறத் தாளை ஒட்டித்தான். ஆனால் நம் வெயிலுக்கும் கல்யாணத்துக்கும் வெள்ளையை மறுக்க மாட்டேன். பூ அலங்காரத்தை முன்பக்க வலைமேல் போட்டு அடைக்க வேண்டாம், ரேடியேட்டருக்குக் காற்று போகாமல் சூடேறும். பானெட்டில் டேப் ஒட்டாமல், பருத்தி நாடாவால் கட்டட்டும். ரோஜா இதழ் வெயிலில் காய்ந்தால் கறை பிடிக்கும்.

புது மின்சார வண்டிகளின் முகத்தை வைத்து மயங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பேட்டரியைத் தரைக்கு அடியில் பரப்பியதால் உடம்பு உயர்ந்துவிட்டது, அதை மறைக்கச் சக்கரத்தைப் பெரிதாக்குகிறார்கள், முகத்தையும் பெரிதாக்குகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா என் வேலையைப் பற்றிக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். களிமண் என்று பெயர்தான், மண்ணைவிட மெழுகும் எண்ணெயும்தான் அதில் முக்கியம். 60 டிகிரி வரை சூடாக்கி, நுரைப்பலகைக் கருவின் மேல் மூன்று நான்கு சென்டிமீட்டர் அப்பி, ஆறியபின் சீவுகிறோம். ஆறிய மண்மேல் புது மண்ணை அப்பினால் ஒட்டாது. கீறிச் சூடு காட்டித்தான் அப்ப வேண்டும், இல்லாவிட்டால் பாளமாகப் பிளந்துவிடும். விக்கிரகத்துக்கு உருவம் பிடிக்கிற நம் மெழுகு மாதிரியேதான். குங்கிலிய வாசனை மட்டும் இல்லை. வெளியே மைனஸ் ஆறு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு மண் அடுப்பின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் அந்த வாசனை வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்க்கிறேன், அண்ணே. இலங்கைத் தமிழர் கடையில் பொன்னி அரிசி கிடைக்கிறது, காப்பித்தூளும் கிடைக்கிறது. அம்மா டபராவில் ஆற்றித் தருகிற சத்தம்தான் இல்லை.

வேலை நல்லபடியாக இருக்கிறது. இப்போது கொஞ்சம் குறைவு, நிறையத் திரையிலேயே செய்துவிடுகிறார்கள். இந்த மாதம் பாதிதான் அனுப்பியிருக்கிறேன். வருஷத்து ஹீட்டர் கணக்கு மொத்தமாக வந்துவிட்டது, வேறொன்றுமில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

அம்மாவின் இடது கண் ஆபரேஷனைச் சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் சொட்டுமருந்து போட்டுக்கொண்டு பட்டறைப் புகையில் உட்கார விடாதீர்கள். உலைக் கொட்டகையின் மேற்குப் பக்க ஓடு இரண்டு வருஷமாக ஒழுகுகிறது, மழைக்கு முன் மாற்ற வேண்டும். அதற்கான பணத்தைப் பங்குனியில் தனியாக அனுப்புகிறேன். ஆற்றோரத்துக் கால் காணியைக் குத்தகைக்காரர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள், வார்ப்புக்குக் கரு கட்ட வண்டல் எடுப்பது அங்கேதான். சின்னவனுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியாகிவிட்டதா? அக்காவிடம் வளைகாப்புத் தேதியைக் கேட்டு எழுதுங்கள், புடவைக்கு அண்ணியே நிறம் பார்த்து எடுக்கட்டும். டயர் நம்பரை அத்தான் பார்த்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி