கௌரியம்மா கூட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாகர்கோவிலில் நம் வாசகர் வட்டம் நடத்திய, கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் கே. ஆர். கௌரியம்மாவின் நினைவுக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. "கேரளத்து அரசியல்வாதிக்கு இங்கே எதற்குக் கூட்டம்?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 1952இலும் 1954இலும் அவர் வென்று சென்ற திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தில்தான் நம் பகுதி உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். 1956 நவம்பரில்தான் நாம் பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். இதை அழைப்பிதழிலேயே அச்சிட்டு முணுமுணுப்பை அடக்கிய அச்சக நண்பருக்கு முதல் நன்றி. தாளுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியை அவர்கள் கௌரியம்மாவின் தன்வரலாற்றை மடியில் வைத்துக்கொண்டு, மலையாளத்தில் கண்ணோட்டி, தமிழில் சொல்லிக்கொண்டே போனார். காவலில் பட்ட கொடுமையைப் பற்றி, போலீஸ் லத்திக்குக் கருவுண்டாக்கும் சக்தி இருந்திருந்தால் தனக்கு எத்தனையோ லத்திப் பிள்ளைகள் பிறந்திருக்கும் என்று கௌரியம்மா சொன்னதாக வழங்கும் பேச்சை அவர் பிசிறில்லாமல் சொன்னபோது, முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பேச்சு எப்படியும் 1987க்குத்தான் ஓடும் என்று பயந்திருந்தேன். கௌரி ஆள்வார் என்று முழங்கி வாக்குக் கேட்டுவிட்டு, இடதுசாரிகள் ஈ. கே. நாயனாரை முதல்வராக்கிய கதையைச் சொல்லி உச்சுக்கொட்டினால் கைதட்டல் நிச்சயம். கிடைக்காத நாற்காலியைவிட அவர் செய்த வேலை பெரிது என்பது என் வாதம். வழக்கறிஞர் அண்ணன் அதைப் புரிந்துகொண்டு நிலச் சீர்திருத்தத்தை விட்டு நகரவே இல்லை. 1957 ஏப்ரலில் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் கௌரியம்மா ஒரே பெண்; கையில் வருவாய்த்துறை. ஒரு வாரத்துக்குள் குத்தகைதாரர்களை வெளியேற்றத் தடை வந்தது. விவசாய உறவுகள் மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது, ஜூலை 31இல் ஆட்சியே கலைக்கப்பட்டது. 1967இல் மீண்டும் அமைச்சரானவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1969இல் திருத்திய சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தபோது, அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதிகளில் பத்து சென்ட் வரை உரிமையானது.

அந்தப் பத்து சென்ட் எங்கள் கண்முன்னே வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கேரளத்து நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அம்மா ஒருவர், தம் தாயாருக்குக் கிடைத்த நிலப் பட்டாவை பிளாஸ்டிக் உறையோடு மேசையில் விரித்தார். மடிப்புகள் விட்டுப்போய், பின்பக்கம் செல்லோடேப் பழுத்து மஞ்சளாகியிருந்தது. "பார்க்கலாம், தொடக் கூடாது" என்றார். வழக்கறிஞர் உட்பட எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று படித்தோம். அம்மா, உங்கள் பஸ் கட்டணத்தைக்கூட எங்களிடம் வாங்க மறுத்துவிட்டீர்கள். மிக்க நன்றி.

"இது புகழ்மாலைக் கூட்டமா?" என்று எழுந்த தோழருக்கும் நன்றி உண்டு. 1994இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி வெளியேற்றிய பிறகு தனிக்கட்சி கண்டு, 2001இல் காங்கிரஸ் தலைமையிலான அமைச்சரவையில் கௌரியம்மா சேர்ந்ததை நாங்கள் நாசூக்காகத் தாண்டப் பார்த்தோம், தோழர் விடவில்லை. தோழருடைய தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை, கேள்வி நியாயமானது. சுக்குக் காப்பி ஆறும்வரை நடந்த அந்த வாக்குவாதம்தான் மேடைப் பேச்சுகளைவிட உருப்படியாக இருந்தது.

ஒலிபெருக்கி, நாற்காலி, காப்பி ஆகியவற்றைப் பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கு நன்றி. செலவு போக மீந்த பணத்தில் அந்தத் தன்வரலாற்றின் பிரதி ஒன்றை வட்டத்துக்கு வாங்குகிறோம். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு மாலைகளில் ஆசிரியை முழுவதையும் வாசித்துச் சொல்ல இசைந்திருக்கிறார். வர விரும்புகிறவர்கள் அச்சக நண்பரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
கூட்ட ஒருங்கிணைப்பாளர்