வசந்திக்கு, ஆன்டிவைரஸ் வாங்கும் முன்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு, குனிந்து எதையும் தூக்க விடாதே. இங்கே சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாள். இப்போது வீட்டில் நானும் அவரும்தான். காலேஜ் லேபில் புது கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியிருப்பதால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புது லேப்டாப்போடு மூன்று வருட 'டோட்டல் செக்யூரிட்டி' ஆன்டிவைரஸ் கார்டையும் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துகிறார் என்று எழுதியிருந்தாய். இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறு. நீ வீட்டிலிருந்தே பத்துப் பதினைந்து வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு போடுகிறாய். அவர்களுடைய பான் எண், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் உன் மெஷினில் இருக்கிறது. அதனால் நீ கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தக் கவலைக்கு மருந்து அந்தக் கார்டில் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

உன் லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2009-இல் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்று இலவசமாக ஒன்றைக் கொடுத்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது டிஃபெண்டர் என்ற பெயரில் அதை விண்டோஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆரம்ப வருடங்களில் சோதனைக்கூடங்கள் அதைக் கடைசி வரிசையில்தான் வைத்தன. 'சும்மா வருவது எதற்கும் உதவாது' என்ற பேச்சு அப்போது பிறந்தது, கடைகளில் இன்னும் அதையே சொல்கிறார்கள். நிலைமை மாறி வெகு காலமாகிவிட்டது. ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்தில் ஏவி-டெஸ்ட் என்ற கூடம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஆறு, மொத்தம் 18 மதிப்பெண் போடுவார்கள். அங்கே பாதுகாப்பில் டிஃபெண்டர் ஆறுக்கு ஆறு பல முறை வாங்கியிருக்கிறது. ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரத்து ஏவி-கம்பாரட்டிவ்ஸும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு கூடங்களின் முடிவுகளையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

அந்த அட்டவணைகளை நான் அடிக்கடி பார்ப்பேன். முதல் பத்து இடங்களில் இருப்பவற்றுக்குள் பிடிக்கும் திறனில் பெரிய வித்தியாசமே கிடையாது. 99.5 சதவீதம், 99.8 சதவீதம் என்று போட்டிருக்கும். சில நூறு மாதிரிகளை வைத்துச் சோதித்தால் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு வைரஸ்தான். அடுத்த சுற்றில் வரிசை மாறிவிடும். அதை வைத்துக்கொண்டு 'நம்பர் ஒன்' என்று பெட்டியில் அச்சடிக்கிறார்கள். நீ பார்க்க வேண்டியது மற்ற இரண்டு பத்திகளை: மெஷினை எவ்வளவு மெதுவாக்குகிறது, நல்ல கோப்பைத் தப்பாக வைரஸ் என்று எத்தனை முறை சொல்கிறது. தப்பாகப் பிடிப்பது நமக்கு ரொம்பத் தொந்தரவு. தமிழ் தட்டச்சுக் கருவிகளையே எடுத்துக்கொள். நாம் அடிக்கும் விசையைப் பிடித்து வேறு எழுத்தாக மாற்றுவதுதான் அதன் வேலை. பாஸ்வேர்டு திருடும் நிரலும் விசைகளைத்தான் பிடிக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதால், எங்கள் லேபில் ஒரு ஆன்டிவைரஸ் தட்டச்சுக் கருவியைத் தூக்கிக் கடாசிவிட்டது.

டிஃபெண்டரிலும் குறை உண்டு. எஸ்எஸ்டி என்ற வேகமான புது வகை டிஸ்க் இல்லாத பழைய ஹார்டு டிஸ்க் மெஷினில் பெரிய கோப்புகளை நகல் எடுக்கும்போது இழுக்கும். இன்னொன்று, இணையம் இருக்கும்போது மைக்ரோசாஃப்டின் சர்வரைக் கேட்டுக் கேட்டுத்தான் அது நன்றாகப் பிடிக்கிறது. இணைப்பு இல்லாதபோது திறன் குறைகிறது. ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்து பிரின்ட் எடுத்து வந்தால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்குமே, அந்த மாதிரி வைரஸுக்கு இது வசதி. அதனால் பென் டிரைவைச் செருகும் முன் நெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

இதற்கு மேல் ஒப்பிட வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஆன்டிவைரஸ் உன் மெஷினில் எல்லாக் கோப்பையும் திறந்து பார்க்கும். சிலது வங்கித் தளத்துக்கும் உனக்கும் நடுவே, தளத்தின் அடையாளச் சான்றிதழுக்குப் பதில் தன் சொந்தச் சான்றிதழைப் போட்டுக்கொண்டு அந்தப் பேச்சையும் பிரித்துப் படிக்கும். இவ்வளவு உரிமையை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நாம் எல்லோரும் ஒரு காலத்தில் அவாஸ்ட் இலவசமாகப் போட்டு வைத்திருந்தோம் இல்லையா? பிராக் நகரத்து நிறுவனம். அது பயனர்களின் இணைய நடமாட்டத்தைச் சேர்த்து ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு விற்றது. 2020 ஜனவரியில் விஷயம் வெளியே வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு கோடியே அறுபத்தைந்து லட்சம் டாலர் கட்ட வைத்தது. 'உங்களை யாரும் பின்தொடராமல் காப்போம்' என்று விளம்பரம் செய்தவர்களே பின்தொடர்ந்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஏவிஜி என்ற இன்னொரு ஆன்டிவைரஸை அவர்கள் 2016-இலேயே வாங்கிவிட்டார்கள், இரண்டுக்குள்ளும் ஓடுவது ஒரே எஞ்சின். 2022-இல் நார்ட்டனும் அவாஸ்டும் ஒன்று சேர்ந்து ஜென் டிஜிட்டல் ஆயின. அவிராவும் அங்கேதான் இருக்கிறது. கடையில் நான்கு பெட்டிகளை அடுக்கி எது நல்லது என்று நீ ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், நான்கும் ஒரே முதலாளியுடையதாக இருக்கலாம்.

ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கி பிடிக்கும் திறனில் எப்போதும் மேல்வரிசை. ரஷ்ய அரசின் பிடி அதன் மேல் இருக்கலாம் என்று சொல்லி அமெரிக்கா 2024-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நிறுவனம் அதை மறுக்கிறது. அந்தத் தடை நம் நாட்டில் இல்லை. என்னை உறுத்தியது அதற்கப்புறம் நடந்தது. அந்த செப்டம்பரில் அமெரிக்காவில் பலருடைய கம்ப்யூட்டரில் காஸ்பர்ஸ்கி காணாமல் போய், அல்ட்ராஏவி என்று அவர்கள் கேட்டே இராத ஒன்று தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நம் ஊர்க்காரர்களும் தப்பவில்லை. மும்பையில் தயாராகும் ஈஸ்கேன் தன் அப்டேட்டைப் பூட்டில்லாத சாதாரண இணைப்பில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஹேக்கர்கள் நடுவில் புகுந்து அப்டேட்டுக்குப் பதிலாக வைரஸை அனுப்பியதை 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. சொல்லப்பட்டதும் அவர்கள் சரிசெய்துவிட்டார்கள். அதே வருடம் ஜூலை 19 உனக்கு ஞாபகம் இருக்கும், விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே? அது வைரஸ் இல்லை. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. அது பெரிய அலுவலகங்களுக்கானது, வீட்டுக்கு வருவதில்லை. ஆனால் இந்த மென்பொருள்கள் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது.

அதனால் புது லேப்டாப்புக்கு நான் சொல்வது டிஃபெண்டர் போதும் என்பதுதான். மைக்ரோசாஃப்டை ஏற்கெனவே நம்பித்தான் விண்டோஸ் ஓட்டுகிறோம், இன்னொரு கையை உள்ளே விட வேண்டாம். ஒன்று மட்டும் கவனி. புது லேப்டாப்பில் கம்பெனிக்காரர்கள் ஒரு டிரையல் ஆன்டிவைரஸைப் போட்டே அனுப்புவார்கள். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அந்த டிரையலை முழுசாக அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் போட்டால் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து ஓட்ட நினைக்காதே.

அண்ணன் பிடிவாதமாக, காசு கொடுத்து வாங்கினால்தான் நிம்மதி, ஏதாவது ஆனால் போன் போட்டுக் கேட்க ஆள் வேண்டும் என்றால், அது ஒரு நியாயமான காரணம். கே7 நம் சென்னைக் கம்பெனி, கேசவர்தனன் 1991-இல் ஆரம்பித்தது. ஜப்பானில்கூட நன்றாக விற்றிருக்கிறது. மெஷினை அதிகம் இழுக்காது, ஆனால் தப்பாகப் பிடிப்பதில் சில சுற்றுகளில் சறுக்கியிருக்கிறது. புனேயின் குவிக் ஹீல் எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கும். வெளிநாட்டில் ருமேனியாவின் பிட்டிஃபெண்டரும் ஸ்லோவாக்கியாவின் ஈசெட்டும் எனக்குப் பிடித்தவை. எதை வாங்கினாலும் வெறும் ஆன்டிவைரஸ் மட்டும் வாங்கு. 'டோட்டல்', 'அல்டிமேட்' என்று விலை ஏற ஏறக் கூடுவது விபிஎன், கிளீனர், டியூன்-அப் மாதிரி சாமான்கள்தான். ரெஜிஸ்ட்ரி கிளீனர் உனக்கு எந்தக் காலத்திலும் தேவைப்படாது. ஆன்லைனில் வாங்கினால் ஆட்டோ ரினியூவலை அன்றைக்கே நிறுத்து. முதல் வருடம் தள்ளுபடி விலை, இரண்டாம் வருடம் முழு விலையை எடுத்துவிடுவார்கள்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது உன் மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப். அதில் விண்டோஸ் 10 தானே? அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் மட்டும் இன்னும் வரும், ஆனால் விண்டோஸில் உள்ள ஓட்டையை அடைக்க மாட்டார்கள். 2017 மே 12-இல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வான்னாக்ரை பரவியதை நினைத்துப் பார். அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள், கேரளத்தில் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள்கூட மாட்டின. யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை, நெட்வொர்க் வழியாகத் தானே தாவியது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கான நீட்டிப்புக்குப் பதிவு செய்தால் இன்னும் கொஞ்ச காலம் திருத்தங்கள் வரும். அது வெறும் அவகாசம்தான். மெஷின் விண்டோஸ் 11-ஐத் தாங்காவிட்டால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, அண்ணன் பேப்பர் படிக்க, யூடியூப் பார்க்க வைத்துக்கொள்ளட்டும். உன் கணக்கு வேலை எதுவும் அதில் வேண்டாம்.

லேப்டாப்பில் ரான்சம்வேருக்கு என்று ஒரு தடுப்பு இருக்கிறது, 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று பெயர். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் தேடினால் கிடைக்கும். அணைத்துத்தான் வைத்திருப்பார்கள், போட்டுவிடு. அப்புறம் உன் கணக்கு மென்பொருள் டேலியை அனுமதிப் பட்டியலில் சேர், இல்லாவிட்டால் என்ட்ரி சேவ் ஆகாமல் தவிப்பாய். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வை. செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

வியாபாரிகள் பெயரில் பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு மெயிலில் வந்தால் போன் செய்து கேட்காமல் திறக்காதே. பூட்டிய ஜிப்புக்குள் எந்த ஆன்டிவைரஸாலும் எட்டிப் பார்க்க முடியாது. 'ரீஃபண்ட் வந்திருக்கிறது', 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்' என்று யாராவது கூப்பிட்டு, திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னால் உடனே வைத்துவிடு. அந்த ஆப் நல்ல ஆப், பெரும்பாலும் ஸ்கேனர் அதைத் தடுக்காது. பணம் போய்விட்டால் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு அதிகம். அம்மாவிடமும் இதைச் சொல்லி வை. கண் சரியானதும் மறுபடி வாட்ஸ்அப் பார்க்க ஆரம்பிப்பார்கள், கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு, அதாவது போனில் ஆப்பை நிறுவும் கோப்பு, வந்தால் தொடவே கூடாது.

கார்டுக்கு வைத்திருந்த பணத்தில் அந்த ஹார்டு டிஸ்கை வாங்கு. ஒரு டெராபைட் தாராளம். பழைய டெஸ்க்டாப்பின் மாடல் எண்ணையும் ராம் எவ்வளவு என்பதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எஸ்எஸ்டி போட்டுத் தேற்றலாமா என்று பார்த்துச் சொல்கிறேன். அடுத்த மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது, அப்படியே தஞ்சாவூர் வந்து அம்மாவைப் பார்க்கிறேன். அன்றைக்கே உட்கார்ந்து இரண்டு மெஷினையும் சரிசெய்துவிடலாம்.

அன்புடன்,
ராஜேஸ்வரி
மதுரை