ரிப்போர்ட்டில் வராத அசதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் மூட்டுவலிக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் பற்றி வந்ததும் எனக்கு மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். சூப்பைக் குறை சொல்லமாட்டேன், குடித்தும் பார்த்திருக்கிறேன். ஆனால் மூட்டுவலி பற்றி எழுதுகிறவர்கள் அசதியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

காரைக்குடியில் ஓர் ஆச்சி வீட்டில் இருபது வருஷமாகக் கல்யாணப் பலகாரம் செய்கிறேன். கைமுறுக்கு என் பொறுப்பு. 2017இல் மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைடிஸ்) வந்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. வாரம் ஒரு நாள் அதற்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்து, கூடவே ஃபோலிக் ஆசிட். வீக்கம் வடிந்து, விரல் மறுபடி மாவைத் திருகப் பழகியது. அசதி மட்டும் விடவில்லை.

ஒருநாள் ஆறு முறுக்கு சுற்றியாகிவிட்டது. ஏழாவது இரண்டு சுற்றோடு நிற்கிறது. மாவு கையில் காய்கிறது, எண்ணெய் புகைகிறது, எனக்குக் கையைத் தூக்கத் தெம்பில்லை. வலியும் இல்லை! ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏத்தா, மாவைப் பிடிச்சுக்கிட்டே தூங்குறியா?" என்றார்கள்.

உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல். ரத்தசோகை இல்லை, தைராய்டும் சரி. "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். இன்னொருவர்தான், "ராத்திரி தூங்குறீங்களா? முன்னே ஆசையாச் செஞ்சது எதையாவது விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். இரண்டு வருஷமாகக் கொப்புடையம்மன் தேருக்குக்கூட நான் போகவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

வலி தூக்கத்தைக் கெடுக்குமாம், தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுமாம். மனசு துவண்டால் உட்கார்ந்தே கிடப்போம், அசையாத தசை இன்னும் சீக்கிரம் களைத்துப்போகும். வீக்கம் அடங்கினாலும் இந்தச் சுற்று தானாக ஓடிக்கொண்டிருக்கும் என்றார் அந்த டாக்டர்.

வீட்டில் வந்து சொன்னால், "அப்போ இத்தனை நாளா எல்லாம் மனசுலதானா?" என்றார் வீட்டுக்காரர். அந்த ஒரு கேள்வி வலியைவிட மோசம். கோணிய விரல் எக்ஸ்ரேயில் இருக்கிறது, மனச்சோர்வும் எனக்குள் இருக்கிறது. ஒன்று நிஜமென்றால் மற்றது நடிப்பாகிவிடுமா?

மனநல ஆலோசகரிடம் ஆறு தடவை போய்ப் பேசினேன். சாயங்காலம் ஊருணியைச் சுற்றி நடக்கிறேன். இருபது முறுக்குக்கு ஒரு தடவை எழுந்துவிடுகிறேன், ஆச்சியும் ஒன்றும் சொல்வதில்லை. அசதி முழுசாகப் போகவில்லை. ஆனால் இந்த வருஷம் தேர் பார்த்தேன்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீடு தேடி வருகிறார்கள். முடக்குவாதக்காரர்களிடம் தூக்கத்தையும் மனசையும் பற்றி இரண்டு கேள்வி அவர்கள் கேட்டால் போதும். நீங்களும் அடுத்த தடவை சூப் செய்முறை போடும்போது பக்கத்தில் 14416 என்ற எண்ணைப் போடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் அது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இப்படிக்கு,
முறுக்கு சுற்றும் வாசகி,
காரைக்குடி.