பினாங்குக்கு வழி சொன்ன அண்ணனுக்கு

சுங்கை சிப்புட் ஸ்டேசனில் பட்டர்வொர்த் ரயிலுக்குக் காத்திருந்தபோது பேச்சுக் கொடுத்த, பெயர் தெரியாத அண்ணனுக்கு நன்றி. வருசா வருசம் பினாங்கு போயும் கர்னி டிரைவ் கடற்கரைச் சாலையைத் தாண்டாத குடும்பம் எங்களுடையது.

நீங்கள் சொன்ன ஹமீதியாவில், 1907இல் தொடங்கிய கடையாம், நாசி கண்டார் (சோற்றோடு பலவகைக் குழம்பு, கறி) சாப்பிட்டோம். "குழம்பைக் கலந்து பஞ்சிர் விடச் சொல்லுங்க தம்பி" என்றீர்களே (பஞ்சிர் என்றால் வெள்ளமாம், சோறு மூழ்கக் குழம்பு ஊற்றுவது), அதுதான் விசயம். மீன் குழம்பும் கோழிக் குழம்பும் ஒன்றாகச் சோற்றை நனைத்ததும் என் மாமனார் பேச்சையே நிறுத்திவிட்டார் (சாதாரண காரியமல்ல). கெங் குவி சந்தில் தேங்காய்ப்பால் ஊற்றிய ஐஸ் செண்டோல், நின்றபடியே. லவ் லேன் பார்களில் பியர் விலை கடிக்கும் என்றதும் சரிதான். ஒரு போத்தலோடு எழுந்துவிட்டோம்.

இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள் என்றால் சொல்லுங்கண்ணே, தீபாவளிக்குப் பசியாற வீட்டுக்கு வரணும்.