உளவுப் படங்களின் வரலாற்றில் விடுபட்ட ஒரு பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் உளவுப் படங்களின் வரலாறு குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆங்கிலேய இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 1934, 1935ஆம் ஆண்டுப் படங்களைக் கட்டுரையாளர் பாராட்டியிருப்பது முற்றிலும் பொருத்தமே. ஆனால், பேசும் படங்களில் உளவுக் கதை ஹிட்ச்காக்கிடமிருந்தே தொடங்கியது என்ற முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. விக்டர் சாவில் இயக்கிய ‘தி டபிள்யூ பிளான்’ 1930லேயே வெளிவந்துவிட்டது. கட்டுரையில் ஓரிடத்தில்கூடச் சாவிலின் பெயர் இடம்பெறாதது பெரிய குறை.

முதல் உலகப் போர்க் காலத்துக் கதை அது. பிரிட்டிஷ் படைகளைத் தகர்ப்பதற்காக ஜெர்மானியர்கள் ரகசியமாகச் சுரங்கப் பாதைகள் அமைத்திருக்கிறார்கள்; அவற்றை அழிப்பதற்காக, ஜெர்மன் மொழியைச் சரளமாகப் பேசும் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் எதிரியின் நாட்டுக்குள் அனுப்பப்படுகிறார். பிரையன் அஹெர்ன் அந்த அதிகாரியாக நடித்தார். மூலக்கதையை எழுதிய கிரகாம் சீட்டன் அதே போரில் பணியாற்றிய ராணுவ அதிகாரி. சுரங்கப் போரும் வெறும் கற்பனையன்று. 1917 ஜூன் 7 அன்று பெல்ஜியத்தின் மெசீன் பகுதியில், ஜெர்மானிய அரண்களுக்கு அடியில் புதைத்திருந்த 19 வெடிச்சுரங்கங்களைப் பிரிட்டிஷ் படை வெடிக்கச் செய்தது. படம் வெளிவந்தபோது, போரிலிருந்து திரும்பியவர்கள் பலர் திரையரங்குகளில் அமர்ந்து பார்க்கும் வயதில்தான் இருந்தார்கள்.

இந்தக் கதைக்கு ஒலி எவ்வளவு இன்றியமையாதது என்பதையே நான் வலியுறுத்த விரும்புகிறேன். மௌனப் படத்தில் ஒருவன் எந்த மொழியில் பேசுகிறான் என்பதைக் காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்தட்டை சொன்னால்தான் உண்டு. சீருடையும் ஒட்டுமீசையும் மாறுவேடத்துக்குப் போதும். ஒலி வந்த பிறகோ, ஒற்றனின் உயிர் அவன் உச்சரிப்பில் தொங்கத் தொடங்கியது. பேச்சு தகவலாக இல்லாமல் ஆபத்தாகவே மாறியது இங்கேதான்.

அந்த நாளில் குரலைப் பதிவுசெய்வது எளிதான காரியமன்று. இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் 1929இல் ஹிட்ச்காக் ‘பிளாக்மெயில்’ படத்தை எடுத்தபோது, நாயகி ஆனி ஆந்ராவின் செக் நாட்டு உச்சரிப்பு லண்டன் பெண் வேடத்துக்கு ஒத்துவரவில்லை. பின்னணிக் குரலைப் பிறகு சேர்க்கும் வசதி அப்போது இல்லாததால், கேமராவுக்கு எட்டாத இடத்தில் நின்று ஜோன் பாரி ஒலிவாங்கியில் வசனம் பேச, அதற்கேற்ப ஆந்ரா உதடசைத்தார். ஒலிக்கருவி பொருத்தப்படாத அரங்குகளுக்காக அதே படம் மௌன வடிவிலும் வெளியிடப்பட்டது. சாவிலோ, மௌனமாக எடுத்து முடித்த ‘கிட்டி’ படத்தின் பிற்பகுதியை ஒலியுடன் மீண்டும் எடுக்க, நடிகர்களை அழைத்துக்கொண்டு நியூயார்க் வரை சென்று வந்தவர். அந்த அனுபவத்துக்கு அடுத்த ஆண்டுதான் ‘டபிள்யூ பிளான்’ வெளிவந்தது.

ஹிட்ச்காக்கின் ‘தி 39 ஸ்டெப்ஸ்’ நாயகி மேடலின் கரோலைக் கட்டுரையாளர் புகழ்ந்திருக்கிறார். கரோல் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ‘டபிள்யூ பிளா’னிலும், பின்னர் 1933இல் சாவிலின் ‘ஐ வாஸ் எ ஸ்பை’ படத்திலும் நடித்துவிட்டார். ‘டபிள்யூ பிளா’னின் ஒளிப்பதிவில் பங்காற்றிய ஃபிரெடி யங், 1967இல் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’க்கும் ஒளிப்பதிவு செய்தவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சாவில் 1937இல் ‘டார்க் ஜர்னி’யையும், ஹாலிவுட் சென்றபின் 1950இல் ஆங்கிலேய இந்தியாவின் உளவுக் கதையான ‘கிம்’மையும் இயக்கினார்.

ஆகவே, கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால் சாவிலின் படங்களுக்கு உரிய இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவற்றுள்ளும் ‘ஐ வாஸ் எ ஸ்பை’யை விட்டுவிட வேண்டாம். ஜெர்மானியர் கைப்பற்றிய ஊரில் அவர்களுடைய காயங்களுக்கே மருந்திட்டுக்கொண்டு, நேச நாடுகளுக்கு உளவு சொன்ன பெல்ஜிய செவிலி மார்த்தா நோக்கார்ட்டின் நினைவுக்குறிப்புகளிலிருந்து எழுந்த படம் அது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.