24 வயதுக் கணக்கு: பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் விமானப்படைத் தலைமையகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

நான் கல்லூரி ஆசிரியர். என்.சி.சி. பொறுப்பும் என்னிடம் இருப்பதால், விமானப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆஃப்கேட் (AFCAT) நுழைவுத் தேர்வின் அறிவிக்கை வந்ததும் பிள்ளைகள் என்னைத்தான் தேடி வருவார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், என் பிறந்த தேதி உள்ளே வருதா?"

விமானிகளுக்கான ஃப்ளையிங் பிராஞ்சுக்கு வயது 20 முதல் 24 வரை. அந்த வயதைத் தேர்வு எழுதும் நாளில் பார்ப்பதில்லை, பயிற்சி தொடங்கும் நாளை வைத்துப் பார்க்கிறீர்கள். 2026 ஜூலையில் தொடங்கும் பயிற்சிக்கு 2002 ஜூலை 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். அதற்கான எழுத்துத் தேர்வோ 2025 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. ஆக, தேர்வு அறைக்குள் நுழையும்போது 23 வயது முடிந்து இரண்டு மாதம் கூடியிருந்தாலே கதை முடிந்தது. இன்ஜினியரிங் முடிக்கவே 21, 22 ஆகிவிடுகிறது. கல்விக் கடனை அடைக்க ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டு வந்த பையனுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு முயற்சி, அதுவும் இருந்தால்.

வயது வரம்பே கூடாது என்று கேட்கவில்லை. குறுகிய காலப் பணியில் வரும் விமானி 14 ஆண்டு சேவை செய்ய வேண்டும். எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கோட்டை யாருக்காக வளைக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. வழங்கிய கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கையில் இருந்தால் 26 வரை வரலாம். அந்த லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு ஆகும் லட்சங்களைப் புரட்ட எங்கள் ஊரில் நிலத்தை விற்க வேண்டும். பறக்கத் தெரியும் என்பதற்கு அது சான்று என்பீர்கள், சரி. ஆனால் பறக்கும் திறன் ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்க்க உங்களிடமே சி.பி.எஸ்.எஸ். என்ற கணினிச் சோதனை இருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்ப்பு, தோற்றால் இந்தப் பிரிவில் மறுபேச்சே இல்லை. அத்தனை கறாரான சோதனையில் தேறியவனை 25 வயதில் முதியவன் என்று அனுப்பிவிட்டு, லைசென்ஸ் வாங்க முடிந்தவனை அதே 25 வயதில் வா என்று அழைக்கிறீர்கள். அப்படியானால் தடையாக இருப்பது உடம்பின் வயது இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான். 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் முதல் பெண்களாகப் போர் விமானப் பிரிவுக்குள் வந்தபோது, 2002இல் பிறந்தவர்கள் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் இருந்தார்கள். என்னிடம் படித்த ஒரு மாணவி அந்த மூவரின் பத்திரிகைப் படத்தை வெட்டி இயற்பியல் நோட்டின் உள் அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். அவள் பிளஸ் டூ படித்தபோது, பிளஸ் டூவோடு முப்படை அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்க்கும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வின் அறிவிக்கை திருமணமாகாத ஆண்களுக்கு மட்டும்தான். கூடப் படித்த பையன்கள் எழுதினார்கள், அவள் அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

2021 ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகுதான் அந்த நவம்பரில் பெண்கள் என்.டி.ஏ. எழுத முடிந்தது. அந்தத் தேர்வுக்கு 2003 ஜனவரி 2க்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது. அப்படியென்றால் அதற்கு முன் பிறந்த ஒரு பெண்ணுக்குக்கூட என்.டி.ஏ. வாய்ப்பு ஒருநாளும் இருந்ததில்லை. பட்டதாரிகள் எழுதும் சி.டி.எஸ். தேர்வு வழியாக விமானப்படை அகாடமிக்குப் போவதும் ஆண்களுக்கு மட்டுமே. பெண்களுக்கு இருந்தது ஆஃப்கேட், அதோடு என்.சி.சி. சிறப்பு நுழைவு.

இப்போது 2027 ஜனவரிப் பயிற்சிக்கு 24 வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மறுபடியும் 2003 ஜனவரி 2! யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, காலண்டர் செய்த வேலை. ஆனால் என்.டி.ஏ. கதவு மூடியிருந்த அதே பெண்கள், லைசென்ஸ் வாங்க வசதியுள்ளவர்களைத் தவிர, அத்தனை பேரும் ஒரே அடியாக வெளியே போகிறார்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மைசூரில் தேர்வு வாரியம் பரிந்துரைத்து, மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, கடைசியில் மெரிட் பட்டியலில் இடம் கிடைக்காமல் நின்றவர்கள். டேராடூனில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்த கலாம் ஐயாவின் கதை நமக்குத் தெரியும். இப்படி நின்றவர்களும் மறுபடி எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் 24 தாண்டிவிடுகிறது.

ஆள் தேவையில்லை என்றால் சரி. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கையோ, 2015இல் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை 2021 இறுதியில் 596 ஆனதாகச் சொல்கிறது. இதற்கு வயது வரம்பு மட்டும் காரணமில்லை என்று எனக்கும் தெரியும். பயிற்சி விமானங்களின் நிலையைப் பற்றியும் அந்த அறிக்கை குறை சொல்லியிருக்கிறது. ஆனாலும் தகுதியானவர் என்று நீங்களே சொன்ன ஆளைத் திருப்பி அனுப்புவதற்கு அது பதில் ஆகாது. விமானிகள் போதாமல் திண்டாடிய அமெரிக்க விமானப்படை, பயிற்சிக்கான வரம்பை 30இலிருந்து 33க்கு ஏற்றியது. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை.

வயது விலக்கு உங்களுக்குப் புதிதும் இல்லை. 2022 ஜூனில் அக்னிபத் திட்டத்தை 21 வயது வரம்போடு அறிவித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாக ஆள் சேர்ப்பு நடக்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, இரண்டே நாளில் அந்த ஆண்டுக்கு மட்டும் 23 ஆக்கினீர்கள். கதவு மூடியிருந்ததற்காகக் கொடுத்த விலக்கு அது. அதே நியாயம்தான் இங்கேயும்.

2003 ஜனவரி 2க்கு முன் பிறந்த பெண்களுக்கு, லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு முறை மட்டும் 26 வரை விலக்கு கொடுங்கள். 2027 ஜூலைப் பயிற்சியிலிருந்து கொடுத்தால் 2001 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்கள் உள்ளே வருவார்கள். தாமதமாகும் ஒவ்வொரு அறிவிக்கைக்கும் ஆறு மாதத்து ஆட்கள் கழிந்துபோவார்கள். அப்புறம், வாரியம் பரிந்துரைத்து மருத்துவத்திலும் தேறி மெரிட்டில் நின்றுபோனவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, அடுத்த இரண்டு பயிற்சிகள் வரை வயதைப் பார்க்காதீர்கள். அந்தப் பட்டியல் ஏற்கெனவே உங்கள் கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்