கேர்ன்கார்ம்ஸ் காட்டுக்கு வந்தவர்களுக்கும், வராமல் இருந்தவர்களுக்கும் நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்காவில், கேப்பர்கேலிப் பறவைகள் மோதிச் சாகாமல் இருக்க, காட்டோரம் இருந்த பழைய மான் வேலியைப் பிரிக்கும் வேலை இந்தப் பருவத்துக்கு ஒருவழியாக முடிந்துவிட்டது. அபர்டீன், இன்வர்னெஸ், கிளாஸ்கோ என்று எங்கெங்கிருந்தோ வந்து கைகொடுத்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு நன்றி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. எந்த வரி யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

எந்தப் பறவைக்காக இவ்வளவு பாடு என்று ஊரிலிருந்து சிலர் கேட்டார்கள். அது கேப்பர்கேலி, கிரவுஸ் என்ற காட்டுக்கோழி வகைகளிலேயே மிகப் பெரியது. சேவல் நாலு கிலோ இருக்கும், பெட்டை அதில் பாதி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் அடியோடு அழிந்துபோனது. 1837இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து பெர்த்ஷயர் காடுகளில் விட்டார்கள். 1970களில் இருபதாயிரம் அளவுக்குப் பெருகிய பறவை, 2021-22 குளிர்காலக் கணக்கெடுப்பில் 542 என்ற மதிப்பீட்டுக்கு இறங்கிவிட்டது. அதிலும் பெரும்பகுதி இந்தத் தேசியப் பூங்காவை ஒட்டித்தான்.

முதல் நன்றி கம்பி வெட்டியவர்களுக்கு. பைன் கன்றுகளை மான் மேய்ந்துவிடாமல் இருக்கத்தான் அந்த வேலியைப் போட்டார்கள். ஆனால் கேப்பர்கேலி கனமான பறவை, மரங்களுக்கு நடுவே தாழ்வாக, வேகமாகப் பறக்கும். மங்கலான வெளிச்சத்தில் கம்பி கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சட்டென்று திரும்ப முடியாது. அப்படி மோதிச் செத்தவை ஏராளம். ஓர் இடத்தில் பிர்ச் மரப்பட்டைக்குள்ளேயே புதைந்துபோயிருந்த கம்பியை, மரத்துக்குக் காயம் படாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தார் அபர்டீன் அண்ணன் ஒருவர். அதே வரிசையில் வலைக்கண்ணில் ஓர் இறகு சிக்கியிருந்தது. செம்பழுப்பில் கறுப்பு வரி, பெட்டையின் இறகு. அதைப் பார்த்த பிறகு யாரும் டீ குடிக்கக்கூட உட்காரவில்லை. எடுக்கவே முடியாத வேலிகளில் மரச்சட்டம் கட்டி, பறவைக்குத் தெரியும்படி செய்த தம்பிகளுக்கும் நன்றி.

வேலியை எடுத்துவிட்டால் மானை யார் தடுப்பது? இங்கே ஓநாய் அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் வேலை துப்பாக்கி பிடிப்பவர்கள் தலையில்தான் விழுகிறது. நம்மில் பலருக்கு அது மனம் ஒப்பாத காரியம். ஆனாலும் குளிரிலும் பனியிலும் அவர்கள் அலையாவிட்டால் இளங்காடே வராது. அவர்களுக்கும் நம் எல்லார் சார்பிலும் நன்றி.

அப்புறம், நமக்குக் காட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற வனப் பணியாளர். முழங்கால் உயரப் பிளேபெரி என்ற காட்டுப் பழச்செடிப் புதருக்கு முன்னால் மண்டியிட்டு, ஓர் இலையைத் திருப்பி, நகத்தளவு பச்சைப் புழு ஒன்றைக் காட்டினாரே, நினைவிருக்கிறதா? பொரித்த ஒரே நாளில் கேப்பர்கேலிக் குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். தாய் ஊட்டாது, தானேதான் பொறுக்கித் தின்ன வேண்டும். முதல் சில வாரம் அதன் உயிர் அந்தப் புழுக்களில்தான் இருக்கிறது. ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் நனைந்த குஞ்சு குளிர் தாங்காமல் தாயின் அடியில் ஒண்டிக்கொள்ளும். ஒண்டியிருக்கும் நேரமெல்லாம் பட்டினி. புதர் நெருக்கமாக இருந்து புழுவும் நிறைய இருந்தால், மழை விட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு நிரம்பிவிடும்.

அந்தப் புதருக்கு அளவான வெளிச்சம் வேண்டும். வரிசையாக நெருக்கி நட்ட தோட்டக்காட்டில் தரையில் ஒன்றும் முளைக்காது. ஒரேயடியாகத் திறந்துவிட்டால் ஹெதர் செடி ஏறிப் பிளேபெரியை அமுக்கிவிடும். மரத்தைக் கழித்துவிட்டு இடைவெளி உண்டாக்குவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று அவரிடம்தான் கற்றேன். தரையில், மரத்தடியில் லேசாகச் சீய்த்த குழியில் ஏழெட்டு முட்டை இட்டு நாலு வாரம் போலப் பெட்டை தனியாக அடைகாக்கிறது. தலைக்கு மேல் அந்தச் செடிமறைவு இல்லையென்றால் காக்கைக்கும் நரிக்கும் வேலை சுலபம்.

மரமேறும் சிறு வேட்டை விலங்கான பைன் மார்ட்டனுக்கும் அப்படித்தான். நம் நீலகிரி மார்ட்டனின் நெருங்கிய உறவு அது. ஸ்காட்லாந்திலேயே அழியும் நிலைக்குப் போய் மீண்டு வந்த உயிர், சட்டப் பாதுகாப்பும் உண்டு. முட்டை தின்கிறது என்று அதை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. அடைகாக்கும் பருவத்தில் மான் இறைச்சியை வேறிடத்தில் வைத்து அதன் பசியை அங்கேயே தீர்க்கும் முறையை இந்தக் காடுகளில்தான் சோதித்தார்கள். சோதனைக்கு வைத்த போலிக் கூடுகளில் இழப்பு நன்றாகக் குறைந்தது. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு அந்தச் சோதனைக்கு இறைச்சி சுமந்தவர்களை நான் சந்தித்ததில்லை, ஆனாலும் மனமார நன்றி.

கடைசியாக, வராமல் இருந்தவர்களுக்கு. வசந்தத்தில் விடியற்காலையில் சேவல்கள் ஓர் இடத்தில் கூடி ஆடும். அதைப் படமெடுக்க ஆசைப்படாதவர் யார்? புது கேமராவோடு கிளம்ப இருந்த கிளாஸ்கோ தம்பி, தொந்தரவு ஆகும் என்று கேட்டதும் பயணத்தையே கைவிட்டார். வழக்கமான நடைபாதையை மாற்றிக்கொண்டு, நாயைக் கயிற்றில் பிடித்தே நடந்த உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள். ஆள் நடமாட்டம் உள்ள பாதையோரக் காட்டை இந்தப் பறவை ஒதுக்கிவிடும். எவ்வளவு நல்ல புதர் இருந்தாலும் அது வீண்தான். ஆகவே நீங்கள் வராதது கம்பி வெட்டியதற்குச் சமமான உதவி. சில நேரம் அதைவிடப் பெரியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

புளிச்சோறும் சுக்குக் காப்பியும் கொண்டுவந்த அக்காமாருக்குத் தனி நன்றி. அது இல்லாமல் மத்தியானத்துக்கு மேல் யாருக்கும் கை அசைந்திருக்காது.

மிச்சமிருக்கும் வேலியை இலையுதிர் காலத்தில்தான் தொடுவோம். அதுவரை காட்டுக்குப் போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள், ஆகஸ்ட் முடியும்வரை நாய்க்குக் கயிறு கட்டாயம். கம்பி வெட்டும் குறடு இரண்டு என் வண்டியில் கிடக்கிறது, யாருடையது என்று சொன்னால் கொண்டுவந்து தருகிறேன்.